ட்யூன் இரண்டாம் பாகம்: சானி ஏன் கிளம்பிப் போகிறாள்?

நூலகத்து எலி: இங்கே முதல்காட்சி என்ற பெயரில் எழுதுபவர் ‘ட்யூன் இரண்டாம் பாகம்’ படத்துக்கான தன் விமர்சனத்தில் ‘நாவலுக்கு நூறு சதவீதம் விசுவாசமான படம்’ என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவலின் கடைசிப் பக்கத்தில் சானி தன் காதலனும் கதாநாயகனுமான பாலின் அருகில்தான் நிற்கிறாள். அரசியலுக்காக மணக்கப்போகும் பேரரசர் மகள் இருலானுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் கிடைக்காது, தொடக்கூட மாட்டேன் என்று பால் சானிக்கு வாக்குக் கொடுக்கிறான். 2024 படத்திலோ கண்ணீரோடு, சவாரி செய்ய ராட்சத மணற்புழுவை வரவழைத்துக் கிளம்பிவிடுகிறாள். இதுவா விசுவாசம்?

முதல்காட்சி: ஒரு காட்சியை மாற்றினால் நாவலே மாறிவிடுமா சார்? ஐமேக்ஸில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நூலகத்து எலி: ஐமேக்ஸில் பார்த்தால் சானி திரும்பி வந்துவிடுவாளா?

மணல்தேர்: பால் என்ற நாயகனைக் கொண்டாடாதீர்கள் என்பதுதான் ஹெர்பர்ட் சொல்ல வந்தது. 1969இல் அடுத்த நாவலான ‘ட்யூன் மெசையா’வில் அதை உடைத்தே எழுதினார். பாலின் பெயரால் நடந்த புனிதப்போரில் 6,100 கோடிப் பேர் சாகிறார்கள். முதல் நாவலில் அந்தப் போரைப் பற்றிய பாலின் பயம் அவன் மனசுக்குள் ஓடும், திரையில் அதை யாராவது முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். இயக்குநர் வில்நவ் சானியைச் சொல்ல வைத்தார். சரியான முடிவு.

நூலகத்து எலி: அதற்கு சானியின் தலைதான் கிடைத்ததா? நாவலில் அவள் சய்யதினா, சமயச் சடங்கு நடத்துகிறவள். அவளைப் போய் நம்பிக்கையற்றவள் ஆக்கியிருக்கிறார்கள். நண்பனாக இருந்த பாலைவனக் குடித் தலைவன் ஸ்டில்கார் பக்தனாக மாறுவதைப் பார்த்து பால் வருந்தும் இடம் நாவலிலேயே இருக்கிறது. அது ஒன்று போதாதா? உயிர்நீர் என்ற விஷ பானத்தைக் குடித்து மயங்கிக் கிடந்தவனைத் தன் அறிவால் எழுப்புகிறவளும் சானிதான். படத்தில் பாலின் அம்மா ஜெசிக்கா, கேட்பவரைக் கட்டுப்படுத்தும் குரல் வித்தையால் அவளை ஏவிச் செய்ய வைக்கிறாள். இதற்குப் பெயர் பெண்ணை உயர்த்துவதாம்!

தென்திசை: பாலின் தங்கை ஆலியாவை யாருமே பேசவில்லையே? நாவலில் வில்லன் பாரன் ஹார்கோனனைக் கொல்வதே அந்தக் குழந்தைதான். படத்தில் பிறக்கவே இல்லை.

நூலகத்து எலி: ஆலியா அப்புறம். சானி ஏன் போகிறாள், அதற்கு முதலில் பதில் வரட்டும்.

கண்ணாடிக்காரன்: 1984இல் இதே நாவலைப் படமாக்கிய டேவிட் லிஞ்ச் கடைசிக் காட்சியில், கதை நடக்கும் பாலைவனக் கோளான அராக்கிஸில் மழையே பெய்ய வைத்தார். நாவல்படி தண்ணீர் மணற்புழுவுக்கு விஷம். அந்தப் படத்தை நீங்கள் தலையில் வைத்து ஆடியது எங்களுக்கு நினைவிருக்கிறது எலி.

நூலகத்து எலி: லிஞ்ச் படத்தை நூறு சதவீத விசுவாசம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

மணல்தேர்: டோல்கீன் கதையை எடுத்த ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரே புள்ளியில் நின்றுகொண்டு யாரையும் பேச விடவில்லை.

நூலகத்து எலி: அங்கே டோல்கீன் கதையின் இரண்டாம் யுகத்தின் ஆயிரக்கணக்கான வருடங்களை ஒருவர் ஆயுளுக்குள் சுருக்கியதைக் கலைச் சுதந்திரம் என்று தாங்கிப் பிடித்தவர் நீங்கள். உங்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? இப்போதும் கேட்கிறேன்: ‘மெசையா’வில் சானி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். கோபித்துக்கொண்டு போனவளை அடுத்த படத்துக்கு எந்த முகத்தோடு கூட்டி வருவார்கள்?

தென்திசை: யோவ்! நான் ‘மெசையா’வைப் பாதிதான் படித்திருக்கிறேன்!

முதல்காட்சி: இவருக்கு இதே வேலை. ஸ்பாய்லர் என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டால் என்ன?

நூலகத்து எலி: 1969இல் வந்த நாவலுக்கா? படிக்காமலே நூறு சதவீதம் என்று மதிப்பெண் போட்டவர் எனக்கு ஒழுங்கு சொல்ல வேண்டாம்.

முதல்காட்சி: படிக்கவில்லை என்று யார் சொன்னது?