எட்டாம் லயத்துக் குடும்பம் (கைப்பேசிக் குழு)

கலா அத்தை: அம்மாவுக்கு நாளைக் காலையில் ஆபரேஷன். இடுப்பு எலும்பு. ஈப்போ ஆஸ்பத்திரியில் ராத்திரி யார் தங்குவது?

சுந்தர்: வழுக்கியா விழுந்தார்கள்?

கலா அத்தை: பாத்ரூம் படி. ஒரே படி.

மணி மாமா: ஒரே படிக்கு இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. தோட்டத்தில் டிரெசராக, மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவனாக, இருந்தபோது எத்தனை பேரைப் பார்த்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு சில வருடம் எலும்பு வேகமாகக் கரையும். வலியே இருக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. கூன் விழும், உயரம் குறையும்...

ராஜி: மாமா, ராத்திரி யார் என்று கேட்டார்கள்.

செல்வம் பெரியப்பா: பால்மரம் வெட்டிய உடம்பு. அது எப்படி மெலியும்?

மணி மாமா: வெட்டியது எந்தக் காலம் மச்சான்! உங்கள் அம்மா மூட்டுவலிக்கு என்ன சாப்பிட்டார்?

கலா அத்தை: பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்பு உருண்டை. அண்ணன் வாங்கியது.

செல்வம் பெரியப்பா: மூலிகை என்றான். இரண்டே நாளில் வலி போய்விட்டது.

மணி மாமா: அதுதான் சந்தேகம். இப்படி விற்பதில் சிலவற்றில், வலியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பை அரித்துவிடும். பாட்டிலில் MAL என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண், ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா? ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

கலா அத்தை: எண் எதுவும் இல்லை அத்தான். பாட்டில் என் பையில்தான் இருக்கிறது. இப்போதே நர்ஸிடம் காட்டுகிறேன்.

ராஜி: பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொல்லித் தீபாவளிக்கே சொன்னேன்.

செல்வம் பெரியப்பா: கோலாலம்பூரில் உட்கார்ந்து சொல்வாய். கூரை ஒழுகியது யார் தலையில்?

கலா அத்தை: இப்போது அது வேண்டாம்.

சுந்தர்: பாட்டிக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டு வரவா?

மணி மாமா: சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். நெத்திலியை முள்ளோடு கொடு, கேழ்வரகு, பால். 50 தாண்டிய பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். காலை வெயிலும் வேண்டும்.

செல்வம் பெரியப்பா: சூப்பை எனக்குக் கொண்டு வா.

கலா அத்தை: எனக்கும் 54 ஆகிறது அத்தான். நானும் ஸ்கேன் எடுக்கணுமா?

மணி மாமா: பெற்றவளுக்கு இடுப்பு முறிந்திருக்கிறது, உனக்கும் வர வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் கேள்.

கலா அத்தை: சம்பந்தி வீட்டு வளைகாப்பு முடியட்டும்.

ராஜி: அத்தை!

ராஜி: சரி, நாளை ராத்திரி நான் வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை?

சுந்தர்: பெண்கள் வார்டில் என்னை விடுவார்களா?

செல்வம் பெரியப்பா: சூப் எத்தனை மணிக்கு?