அம்மா ஒண்டு சொல்லுறா, தம்பி ஒண்டு சொல்லுறான், எதை எழுதுறது?

பாலைப்பழம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் 88ல கிளிநொச்சியில பிறந்தனான். கனடாவில இருக்கிற தம்பியின்ர பிள்ளையளுக்கு எங்கட சின்ன வயசுக் கதையை எழுதிக் குடுப்பம் எண்டு ஒரு கொப்பி வாங்கி ரெண்டு மாசம், பதினொராம் பக்கத்தோட நிக்குது. பிரச்சினை ஒரு ஆடு.

96ல கிளிநொச்சியைப் பிடிக்க ஆமி சத்ஜெய எண்ட சண்டையைத் தொடங்கி நாங்கள் வெளிக்கிடேக்க எனக்கு எட்டு வயசு, தம்பிக்கு ஆறு. எங்களிட்ட ஒரு வெள்ளை மறியாடு நிண்டது. அது ட்ரக்டருக்குப் பின்னால கயித்தில அக்கராயன் மட்டும் நடந்து வந்தது எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. தம்பி இல்லையாம், வீட்டிலயே அவிட்டு விட்டிட்டு வந்தனாங்களாம், அது கத்தினது தனக்கு இப்பவும் கேக்குதாம். அம்மாவைக் கேட்டா "இப்ப ஆட்டுக்கதைதான் குறை" எண்டு எழும்பிப் போறா. வருசமும் குழம்புது, மல்லாவிக்குப் போனது 97ஓ 98ஓ தெரியேல்லை. இப்பிடி எழுதின ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

கச்சான்கொட்டை:
தங்கச்சி, வருசத்தைக் கேட்டா எங்கட சனத்துக்கு வராது, எந்த இடம்பெயர்வு எண்டு கேளுங்கோ. வன்னிக்குள்ளால பாதை பிடிக்க ஆமி ஜயசிக்குறு சண்டையைத் தொடங்கினது 97 மே, புலியள் கிளிநொச்சியைத் திரும்பப் பிடிச்சது 98 செப்டெம்பர், யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை திறந்தது 2002. இதுகளுக்கு முந்தியோ பிந்தியோ, அப்ப கைக்குழந்தை ஆர் எண்டு கேட்டா தன்ர பாட்டில வரும்.

இன்னொண்டு, நேரம். 96ல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, வன்னியில நாங்கள் பழைய நேரத்திலயே இருந்தனாங்கள். பிபிசி தமிழோசை எங்களுக்கு இரவு ஒன்பதேகால், வவுனியாவில ஒன்பதேமுக்கால். அப்பா வெளியில போற அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகேக்க மணிக்கூட்டைத் திருப்புவார், வந்து திரும்பவும் திருப்புவார். பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் எழுதுங்கோ, நம்பமாட்டினம்.

குளக்கட்டு:
ஆட்டை நேராக் கேக்காதேங்கோ, சாமானைக் கேளுங்கோ. என்ர அம்மாவும் ஒண்டும் கதைக்கமாட்டா, ஒரு நாள் கரண்ட் போகேக்க ஜாம் போத்தல் விளக்கு எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன், அவ்வளவுதான், ரெண்டு மணித்தியாலம். போத்தலுக்கு அடியில பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால திரி, அதைக் கம்பியில கட்டி போத்தலுக்குள்ள இறக்கிறது. நெருப்பு உள்ளுக்க நிக்கிறதால காத்துக்கு நூராது. அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடையில மண்ணெண்ணெய் விலை ஏறி இருந்ததால, படிச்சு முடிஞ்ச உடன ஊதிப்போடுவாவாம், சோறு இருட்டுக்கதானாம். பற்றரியும் தடை, ரேடியோவுக்கு சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தினது நான். செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்க கை உளையும், கொஞ்சம் நிப்பாட்டினா பெரியாக்கள் எல்லாரும் சேந்து பேசுவினம் 😀

தறப்பாள்:
மேல எல்லாரும் சொன்னது சரி, ஆனா 96 வேற, 2009 வேற. எங்கட வீட்டில கடைசிச் சண்டை நடந்த மாத்தளன் கதை எடுக்கிறேல்லை. பங்கருக்கு மண்மூட்டை தைக்க சீலையளை வெட்டினது மட்டும் அம்மா சொல்லுவா. கடைசியா வெட்டினது கூறைச்சீலையாம், சரிகை ஊசியை முறிச்சதாம். அதுக்கு மேல கேட்டா நெஞ்சு நோகுது எண்டு படுத்திடுவா. கொப்பி நிரப்பிறதுக்காண்டி அம்மாவை ஆக்கினைப்படுத்தாதேங்கோ, அந்தப் பக்கம் வெறுமையா கிடந்தாலும் பரவாயில்லை.

பாலைப்பழம்:
எல்லாருக்கும் நன்றி. குளக்கட்டு அண்ணை சொன்னமாதிரி, நேற்று அம்மா தேங்காய் துருவேக்க, ட்ரக்டரில என்னென்ன ஏத்தினனீங்கள் எண்டு மெல்லக் கேட்டன். கிடாரம், நெல்லு ரெண்டு மூட்டை, தையல் மெசின், அம்மம்மாவின்ர கதிரை, கூரையால கழட்டின தகரம் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வந்தவ துருவலையை நிப்பாட்டினா. ஆடு எங்களோட வந்ததுதானாம். அக்கராயனில இறங்கேக்க ட்ரக்டர்காரருக்குக் கூலி குடுக்கக் காசில்லை, அப்பா கயித்தை அவரிட்டக் குடுத்திட்டார். தம்பி கேட்டது அது அங்க கத்தினதைத்தான். எனக்கு "பின்னால வருது" எண்டு சொன்னவையாம், ரெண்டு நாளா ஒழுங்கையைப் பாத்துக்கொண்டு நிண்டனானாம், அது எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை.

தம்பிக்கு இன்னும் சொல்லேல்லை. அங்க இப்ப விடியப்புறம்.