சென்னைக் கோடைக்கு கெர்லான் வெட்டிவரா, டியோர் சொவாஜா?

வேரடிமண்:
“வெயிலுக்கு டியோர் கம்பெனியின் சொவாஜ் சென்ட் போதும், வெட்டிவேர் எல்லாம் தாத்தா வாசனை” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்த இழை. 1959இல் பாரிஸின் கெர்லான் கம்பெனி கொண்டுவந்த வெட்டிவர் சென்ட், புழுக்கத்திலும் ஆளை நிதானப்படுத்துகிற வாசனை. தொடக்கத்தில் எலுமிச்சையும் அதன் இனத்துப் பழமான பெர்கமாட்டும், பிறகு சாதிக்காய், மிளகு, கடைசியில் வெட்டிவேரும் புகையிலையும். இஸ்திரி போட்ட சட்டைப்பையில் பற்றவைக்காத சுருட்டு ஒன்று இருப்பது மாதிரி. எதற்கும் அவசரப்படாத மனிதர். சொவாஜோ, ஆள் உள்ளே வரும் முன்பே பேச ஆரம்பித்துவிடும்.

நீலக்குப்பி:
தாத்தான்னு சொன்னது நான்தாங்க. நீங்க சொல்ற அந்த எலுமிச்சை நம்ம ஊர் வெயில்ல எவ்வளவு நேரம் நிக்கும்? அந்த மணத்துல முக்கியமான லிமோனீனோட மூலக்கூறு எடை 136தான், எடை குறைஞ்சது சீக்கிரம் ஆவியாயிடும். தோல் சூடானா அரை மணி நேரம்கூடத் தாங்காது. சொவாஜ்லயும் பெர்கமாட் பறக்கும்தான், ஆனா அடியில ஆம்ப்ராக்ஸன்னு ஒரு செயற்கை மணப்பொருள் கிடக்கு, எடை 236. சாயங்காலம் வரைக்கும் விடாது. மனநிலையும் வேற: இப்பத்தான் குளிச்சு, சலவைச் சட்டை போட்டு, ஏசி அறைக்குள்ள கால் வெச்ச தெம்பு. திங்கட்கிழமைக்கு அதுதான் வேணும், சுருட்டு இல்ல.

வேரடிமண்:
எடைக் கணக்குக்கு வந்தால் வேரும் சளைத்ததல்ல. வெட்டிவேர் எண்ணெயில் உள்ள குசிமால் 220, வெட்டிவோன் 218. இரண்டும் நிற்கும், பரவும் விதம்தான் வேறு. ஆம்ப்ராக்ஸனில் ஒரு சிக்கல் உண்டு: போட்டவர் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். “போய்விட்டது” என்று நினைத்து மதியம் இன்னும் நாலு தடவை அடிப்பார், லிஃப்டில் இருப்பவர்களுக்குத் தலை வலிக்கும். சொவாஜ் என்றால் இரண்டே அழுத்தல். ஓர் அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. வரும். ஒன்று சட்டைக்குள் மார்பில், இன்னொன்று பின்கழுத்தில். முன்கழுத்தில் வேண்டாம், அங்கே அடித்தால் நாள் முழுக்க உங்கள் மூக்குக்கே நேராக ஏறும்.

அத்தர்மூலை:
ரெண்டு பேரும் பாட்டிலுக்குள்ளயே சண்டை போடறீங்க. வேர்னா எந்த ஊர் வேர்னு முதல்ல கேக்கணும். ஹைத்தி வேர் சுத்தமா, லேசா பம்ப்ளிமாஸ் தோல் மாதிரி. ஜாவா வேர்ல அடுப்புப் புகை. உத்தரப்பிரதேசத்து கன்னோஜ்ல செப்புக் கொப்பரையில வடிக்கிற வெட்டிவேர் எண்ணெய், அதாவது ரூ கஸ், தண்ணி ஊத்தின மண்பானையேதான். அந்தப் பச்சை நிறம் செம்புலேர்ந்து வருது. மனசுல உண்டாகிறது சுறுசுறுப்பும் இல்ல, கம்பீரமும் இல்ல. மத்தியானத் தூக்கம் கலைஞ்ச சாந்தம். மணிக்கட்டுல ஒரு துளி போதும்.

நீலக்குப்பி:
அதான் பாயிண்டே! வேர் குளிர்ச்சி தராது. ஜன்னல்ல தொங்குற வெட்டிவேர்த் தட்டியிலயும் பானையிலயும் குளிர்ச்சி தர்றது ஆவியாகுற தண்ணி. கூடவே வாசனை வந்ததால மூளை ரெண்டையும் முடிச்சுப் போட்டுடுச்சு. பாரிஸ்காரனுக்கு வார்த்தை மட்டும் நம்ம தமிழ்லேர்ந்து போச்சு, தட்டி போகல. அதனாலதான் அவன் அதை புகையிலையோட சேத்து, கோட்டு போட்ட ஆளுக்குக் குடுத்தான்.

வேரடிமண்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். மென்தால் போலத் தோலின் குளிர் நரம்பைத் தொடும் வேலையை வேர் செய்வதில்லை. ஆனால் அதில் இனிப்பு இல்லை, புழுக்கத்தில் அதுதான் பெரிய விஷயம். வெனிலா, டோங்கா விதை மாதிரி இனிப்பு மணங்கள் எல்லாம் வியர்வையோடு கலந்தால் ஈரத்துண்டில் சர்க்கரைப் பாகு ஊற்றியது போலாகும். சொவாஜிலேயே 2018இல் வந்த ஓ த பர்ஃபம் என்கிற அடர்த்தி கூடிய வகையில் வெனிலா கூடுதல். கோடைக்கு அதைத் தவிர்த்து அடர்த்தி குறைந்த ஓ த துவாலெத் வாங்குங்கள். “பர்ஃபம்தான் ஸ்ட்ராங்கு, அதனால் உசத்தி” என்கிற கடைக்காரரின் பேச்சை நம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று கேட்டால் ஹெர்மெஸ் கம்பெனியின் டெர் தெர்மெஸ் (2006, உருவாக்கியவர் ழான்-குளோத் எலெனா). ஆரஞ்சுத் தோலை மொட்டைமாடிச் சூட்டுச் சுவரில் தேய்த்த வாசனை, கீழே வேர். வெயிலோடு மல்லுக்கட்டாது, அதோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீலக்குப்பி:
அது நல்ல சரக்கு, மறுக்கல. ஆனா யாரும் அட்டைத்துண்டுல மோந்துட்டு வாங்காதீங்க. அட்டைக்கு சூடும் இல்ல, எண்ணெய்ப் பசையும் இல்ல. ஒரு தடவைக்கு மூணு வாசனைக்கு மேல வேண்டாம். முழங்கை மடிப்புல ஒண்ணு அடிச்சு, வெயில்ல நடந்து, நாலு மணி நேரம் கழிச்சு மோந்து பாருங்க. வாங்குறது கடைசியா தங்குற அந்த அடிமணத்தைத்தான். நடுவுல மூக்கைத் தெளிய வைக்கன்னு கடையில நீட்டுற காப்பிக்கொட்டை எல்லாம் சும்மா, அதுவும் இன்னொரு வாசனைதானே? வாசனை படாத உங்க சொந்தத் தோலை மோந்தாலே போதும்.

அத்தர்மூலை:
அத்தர் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. சந்தன எண்ணெய் விலை ஏறினதுலேர்ந்து நிறைய பேர் லிக்விட் பாரஃபின்ல கலக்கறாங்க. 95 சதவீத எத்தனால் ஒரு ஸ்பூன்ல ரெண்டு துளி விட்டுப் பாருங்க. பாரஃபின் கரையாது, பால் மாதிரி கலங்கி அடியில தங்கும். தெளிவா கரைஞ்சா பாரஃபின் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். டிபிஜிங்கிற மணமில்லாத கரைப்பான் கலந்திருந்தா அதுவும் தெளிவாவே கரைஞ்சுடும், இந்த சோதனையில மாட்டாது.

வேரடிமண்:
வெள்ளைச் சட்டையில் ரூ கஸ் பட்டால் மஞ்சள் கறை போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தோலில் மட்டும் தொடுங்கள். ஸ்ப்ரே வகை எதுவானாலும் குளித்துத் துடைத்து, ஈரம் வற்றிய பின் அடியுங்கள். தோல் வறண்டிருந்தால் வாசனையில்லாத வாசலின் அரிசியளவு முதலில். குப்பியை பீரோவுக்குள் வையுங்கள், வண்டி டிக்கியில் அல்ல. சூட்டில் முதலில் கெடுவது அந்த எலுமிச்சைதான். திறந்ததும் நெய்ல் பாலிஷ் மாதிரி புளித்த நெடி அடித்தால், முதலில் எழும் மேல்மணம் போய்விட்டது என்று அர்த்தம்.

நீலக்குப்பி:
அப்ப உங்க கெர்லான்தான் முதல்ல கெடும், என் ஆம்ப்ராக்ஸன் அப்படியே இருக்கும். 😄

வேரடிமண்:
உங்கள் பெர்கமாட்டும் கூடவே போகும் தம்பி.