மறு: ஒஸ்திரகோன் தமிழில் – 'எழுத்தோடு' எனக்குச் சரிப்படவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழைப் பக்கம் வர முடியவில்லை. இன்று திறந்து பார்த்தால், பழங்காலத்தில் எழுதவோ வரையவோ பயன்பட்ட பானையோட்டையும் கல்துண்டையும் குறிக்கும் 'ஒஸ்திரகோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு நீங்கள் ஊர்க்கூட்டமே கூட்டி, தீர்ப்பும் கிட்டத்தட்ட எழுதி முடித்துவிட்டீர்கள். பழைய எகிப்தியரின் அன்றாட வாழ்க்கை பற்றிய கட்டுரை என் மேசையில் பாதியில் நிற்கிறது, இந்தச் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதனால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் நீங்கள் சொன்ன 'எழுத்தோடு' (எழுத்து + ஓடு) என்று போட்டு நாலு பத்தி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

> கிரேக்கத்தில் கிளிஞ்சலின் ஓட்டுக்கும் உடைந்த பானையின் ஓட்டுக்கும் ஒரே பெயர். தமிழிலும் ஆமையோடு, நத்தையோடு, முட்டையோடு, பானையோடு எல்லாம் ஓடுதான். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

ஐயா, இந்தப் பொருத்தத்தைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது உண்மை. ஆனால் அது கிரேக்கர்கள் தங்கள் ஊரில் கிடந்த பொருளைப் பார்த்து வைத்த பெயர். நான் எழுதிக்கொண்டிருப்பது தெய்ர் எல்-மதீனா பற்றி. நைலின் மேற்குக் கரையில், இன்றைய லக்சருக்கு எதிரே, அரசர் பள்ளத்தாக்கில் மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த கைவினைஞர்களின் ஊர் அது. மதிலுக்குள் சுமார் எழுபது வீடு, அவ்வளவுதான். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்து பாறையைக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பாறை குடைந்தால் என்ன விழும்? சுண்ணாம்புக்கல் சில்லுதான், குவியல் குவியலாக. வழவழவென்று, வெள்ளையாக, கையடக்கமாக, காசில்லாமல். பாப்பிரஸ் தாளுக்கு விலை கொடுக்க வேண்டும், காலடியில் கிடக்கும் கல்லுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்? அங்கே கிடைத்தவற்றில் பானையோடும் உண்டு, ஆனால் புகழ்பெற்ற பலவும் கல். கல்லை எந்தத் தமிழர் 'ஓடு' என்று சொல்லியிருக்கிறார்? கற்சில்லு என்போம், கல்துண்டு என்போம், கல்லோடு என்றால் 'கல்லுடன்' என்றுதான் காதில் விழும்.

அதே கோளாறு 'எழுத்தோடு'க்கும் உண்டே. "அவர்கள் எழுத்தோடு வாழ்ந்தார்கள்" என்று நான் எழுதினால், எழுத்துடன் வாழ்ந்தார்கள் என்றுதான் யாரும் படிப்பார்கள். மூன்றாம் வேற்றுமை உருபோடு (பாருங்கள், இங்கேயே வந்துவிட்டது) மல்லுக்கட்டும் கலைச்சொல் நமக்கு எதற்கு? 'எழுதோடு' என்று சுருக்கினால் இன்னும் மோசம், எழுது, ஓடு என்று யாரோ விரட்டுவது போல இருக்கிறது.

> ஓடு + ஆவணம் = ஓட்டாவணம். நன்றாகப் புணர்கிறதே?

புணர்ச்சி சரி தம்பி, ஆனால் இதைப் பேருந்து நிலையத்தில் நாலு பேரிடம் சொல்லிப்பார், தேர்தல் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். ஆதென்ஸுக்கு வேண்டுமானால் அருமையாகப் பொருந்தும், அங்கே நிஜமாகவே பானையோட்டில் பெயரைக் கீறி ஓட்டுப் போட்டுத்தான் ஆளை ஊரைவிட்டு அனுப்பினார்கள். எகிப்தில் அந்தக் கதை இல்லை. அப்புறம் 'ஆவணம்' என்கிற சொல்லே இதற்குக் கொஞ்சம் கனம் அதிகம் என்பது என் எண்ணம். சலவைக்குப் போட்ட துணிக் கணக்கையும், தண்ணீர் சுமக்கக் கழுதையை வாடகைக்கு விட்ட கணக்கையும் ஆவணம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. சீட்டு என்றால் வருகிறது.

அவற்றில் என்னதான் இருக்கிறது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார், இரண்டு மூன்று சொல்கிறேன், சொல் தேடவும் உதவும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு அது. நாற்பது தொழிலாளர் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வராத நாட்கள் கறுப்பு மையில், அந்த நாளுக்கு மேலே காரணம் சிவப்பு மையில். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, ஒருவனுக்குக் கண்ணோவு, ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவன் பீர் காய்ச்சப் போயிருக்கிறான், ஒருவன் தாயின் பிணத்தைத் துணி சுற்றிக் கட்டப் போயிருக்கிறான், ஒருவன் வீட்டில் பெண்ணுக்குத் தீட்டு. மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய விடுப்பு விண்ணப்பம்! தீட்டுக்கு ஆண்பிள்ளை விடுப்பு எடுத்ததைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, மென்னா என்ற தொழிலாளி ஒரு பானை கொழுப்பைக் காவல் தலைவன் மெந்த்மோசேவிடம் கடனுக்கு விற்கிறான். வாற்கோதுமையாகத் தருகிறேன் என்று வாக்கு. மூன்றாம் ராம்சேஸின் 17-ஆம் ஆண்டில் நடந்த விற்பனை, அடுத்த மன்னனின் 3-ஆம் ஆண்டிலும் மென்னா முறையிட்டுக்கொண்டிருக்கிறான், ஏறத்தாழ 18 ஆண்டு! கடன்பட்டவன் காவல்காரன் என்பதால் வேறு வழி என்ன.

ஊருக்குள் கிணறு இல்லை, தண்ணீர் கீழேயிருந்து கழுதை முதுகில்தான் வரவேண்டும். அதற்காகவோ என்னவோ ஊருக்கு வெளியே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெருங்குழி தோண்டியிருக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை. அப்புறம் அது குப்பைக் குழியாகிப் போனது. 1922 முதல் 1951 வரை அங்கே அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார்ட் ப்ருயேர் கடைசிக் காலத்தில் அந்தக் குழியைக் காலிசெய்தபோது இந்தச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஆக, இவை பத்திரப்படுத்தியவை அல்ல, தூக்கி எறிந்தவை. பெயரிலும் அந்த எளிமை கொஞ்சம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

> நம் தொல்லியல் துறையில் 'எழுத்துப் பொறித்த பானையோடு' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அக்கா, இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கீழடியிலும் கொடுமணலிலும் கிடைப்பவை பானை முழுதாக இருக்கும்போது அதன்மேல் கூர்முனையால் கீறிய பெயர்கள். பானை இன்னாருடையது என்று சொல்வதற்கு. பிறகு பானை உடைந்தது, பெயர் இருந்த துண்டு நம் கைக்கு வந்தது. எகிப்தில் நடந்தது தலைகீழ். முதலில் பானை உடைகிறது, அல்லது கல் சிதறுகிறது, அதற்கப்புறம் அந்தத் துண்டை ஒருவன் பொறுக்கி எடுத்து, கோரைத் தண்டுத் தூரிகையை மையில் தோய்த்து எழுதுகிறான். பெரும்பாலானவற்றில் பொறிப்பே கிடையாது, மைதான்.

இது வெறும் நுணுக்கம் பிடிக்கும் வேலை என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மண்ணில் கிடைத்திருக்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-கதீமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் கீறிய பானைத் துண்டு கிடைத்து, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒறி என்பது நம் வீட்டு உறிதான். அதே கரையில் தெற்கே பெரெனிகே. அங்கேயும் தமிழ் பிராமி கீறிய துண்டு உண்டு. அதே பெரெனிகேயின் குப்பைமேட்டில் கிரேக்கத்தில் மையால் எழுதிய சுங்கச் சீட்டுகளும் கிடைத்தன, கப்பலேறப் போகும் மதுச்சாடிகளை இன்னாருக்காக விட்டுவிடு என்று சுங்கக்காரனுக்கு எழுதியவை, கி.பி. முதல் நூற்றாண்டு. இப்போது சொல்லுங்கள், அந்த அகழாய்வைத் தமிழில் எழுத உட்காருபவர் இரண்டையும் 'எழுத்துப் பொறித்த பானையோடு' என்றே எழுதினால், எது நம் ஆள் பானையில் கீறியது, எது சுங்கத்தில் கொடுத்த சீட்டு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, என் பரிந்துரை: எழுதுசில்லு.

'எழுத்துச்சில்லு' என்று போட்டிருக்கலாம், வேண்டுமென்றேதான் விட்டேன். இந்தக் கற்களில் பலவற்றில் இருப்பவை படங்கள்தான். பூனை வாத்துக்கூட்டத்தை மேய்க்கிறது, எலி எசமானியாக உட்கார்ந்திருக்கப் பூனை விசிறுகிறது, தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றில் ஒரு நடனக்காரி முதுகை வளைத்துத் தலைகீழாக நிற்கிறாள். அவற்றில் எழுத்தே இல்லை, ஆனால் அவற்றுக்கும் அதே பெயர்தான் வேண்டும். நல்லவேளை, தமிழில் 'எழுது' என்றால் எழுத்து மட்டுமில்லை. ஓவியம் எழுதுவோம், தொய்யில் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், குறளில் தலைவி "கண்ணும் எழுதேம்" என்கிறாள். வேடிக்கை என்னவென்றால் எகிப்தியருக்கும் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே சொல். 'செஷ்' என்றால் எழுத்தர். சுவரில் கோட்டோவியம் தீட்டுபவரை 'செஷ் கெதுத்' என்றார்கள், உருவங்களை எழுதுபவர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர், பாய் என்று பெயர், கண்பார்வை மங்கிப்போய்த் தன் மகனுக்கு எழுதிய கடிதம் இதே மாதிரி ஒரு சில்லில்தான் இருக்கிறது. என்னைக் கைவிட்டுவிடாதே, கண்ணுக்குத் தேன் கொண்டுவா, காவி கொண்டுவா, அசல் கண்மை கொண்டுவா என்று கேட்கிறார். வாழ்நாளெல்லாம் கல்லறைச் சுவரில் எழுதியவர், கடைசியில் கண்ணில் எழுத மை கேட்கிறார். இதை மொழிபெயர்க்கும்போதுதான் எனக்கு 'எழுது' என்கிற முன்பாதி தோன்றியது, அதனால் கொஞ்சம் பாசமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்பாதி 'சில்லு'. பானை உடைந்தாலும் சில்லு, கல் உடைந்தாலும் சில்லு, தேங்காய்க்கும் கண்ணாடிக்கும் கூட. பாண்டி ஆட எடுக்கும் ஓட்டுத்துண்டும் சில்லுதான், கீழே கிடந்ததைப் பொறுக்கிப் பயன்படுத்தும் வாடை அதில் ஏற்கெனவே இருக்கிறது.

எழுதுகோல், எழுதுபலகை மாதிரி இது எழுதாத வெற்றுச் சில்லையும் குறிக்காதா என்று இலக்கணப் புலிகள் கேட்பீர்கள். வினைத்தொகைக்கு மூன்று காலமும் உண்டே, ஊறுகாய் என்றால் ஊறின காயைத்தானே தட்டில் போடுகிறோம். இன்னொன்று, வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, தயவுசெய்து யாரும் நடுவில் 'ச்' போட்டுத் திருத்தி அனுப்பாதீர்கள்.

இனி இடிக்கும் இடங்கள். கணினிச் சில்லு உண்டே என்றால், அது சூழலில் தெளிந்துவிடும், ராம்சேஸ் காலத்தில் யாரும் குழம்பப் போவதில்லை. அளவு கொஞ்சம் இடிக்கிறது. அதே ஊர்க் கைவினைஞர் செந்நெஜெமின் கல்லறையில் கிடைத்த, 'சினுஹே' என்ற பழைய எகிப்தியக் கதை எழுதிய கல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், அதைச் சில்லு என்றால் சிரிப்பு வரும். ஆனால் அது விதிவிலக்கு, பலவும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. 2022-இல் எகிப்தின் அத்ரிபிஸில் 18,000-க்கும் மேல் கிடைத்ததாக அறிவித்தார்களே, அங்கே பெரும்பாலும் பானைத் துண்டுதான், பள்ளிப் பிள்ளைகள் எழுதியவையும் அதில் உண்டு.

நிஜமாக மாட்டிக்கொண்டது இங்கேதான்:

> எங்கட பக்கம் சில்லு எண்டால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. எழுதுசில்லு எண்டால் எழுதுற சக்கரமோ?

நேற்று இதைத் தனிமடலில் முன்னோட்டமாகக் கேட்டபோது யாழ்ப்பாணத்து நண்பர் அனுப்பிய பதில், அவர் அனுமதியோடு போடுகிறேன். எனக்கு இதற்குச் சமாதானம் இல்லை. கட்டுரை இரண்டு கரையிலும் படிக்கப்படும், ஒரு கரைக்காரர் முதல் பக்கத்திலேயே மிதிவண்டியை நினைத்தால் என் உழைப்பு வீண். முதல் இடத்தில் 'எழுதுசில்லு, அதாவது எழுதவோ வரையவோ பயன்பட்ட பானைத் துண்டு அல்லது கல்துண்டு' என்று விளக்கி விட்டுத் தொடரலாம் என்பது இப்போதைக்கு என் திட்டம். 'எழுதுதுண்டு' என்றும் பார்த்தேன், துணி ஞாபகம் வருகிறது, இரண்டு 'து' வேறு அடுத்தடுத்து வந்து நாக்கைத் தட்டுகிறது.

நண்பரே, கேள்வி இப்போது உங்களுக்குத்தான். அங்கே கல்லை உடைக்கும்போது தெறித்து விழும் தட்டையான துண்டை என்னவென்று சொல்வீர்கள்? வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேட்டுச் சொன்னாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை வரை கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன்.