படர்தாமரையும் வெள்ளையணு கவுண்டும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
இடுப்பில் தொடங்கி முதுகு வரை, எட்டு மாதம். வேறு எதற்கோ ரத்தம் கொடுத்ததில் வெள்ளையணு 14,200. 11,000-ஐத் தாண்டக் கூடாதே, ரத்தப் புற்றுநோயோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. தோல் டாக்டர் வட்டத்தின் ஓரத்தை பிளேடால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு மருந்து விட்டு, சற்றுப் பொறுத்து என்னையே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கிளை கிளையாகப் பூஞ்சை நூல்கள். என் தோலில்! அப்புறம்தான் கேட்டார், "அரிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" மெடிக்கலில் கொடுத்தது ஸ்டீராய்டாம். கவுண்டை ஏற்றியதும் அதுதான், பூஞ்சையைப் படர விட்டதும் அதுதான். டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தியதும் கவுண்ட் இறங்கிவிட்டது.

சேலத்துக்காரன்:
எனக்குத் தொடையிடுக்கில் இரண்டு வருஷம். கவுண்ட் என்றைக்கும் 7,000தான். படர்தாமரைக்குக் கவுண்ட் பார்ப்பதே வீண் செலவு.

மூத்தமகள்:
அண்ணா, பொத்தாம்பொதுவாக அப்படி எழுதாதீர்கள். அப்பாவுக்குப் புற்றுநோய்க்குக் கீமோ, நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளையணு) வெறும் 200. காய்ச்சலோடு கெண்டைக்காலில் மிளகளவு சிவப்புக் கட்டி ஒன்று. கொசுக்கடி என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். விடிந்தால் வயிறு, கை எல்லாம் ஏழெட்டு. ரத்தத்திலேயே கேண்டிடா பூஞ்சை. அன்றே ஊசி மருந்து தொடங்கியதால் பிழைத்தார். எண்ணெய் தடவும்போது அந்தக் கட்டி விரலில் கெட்டியாக நெருடியது இன்னும் நினைவிருக்கிறது. ராத்திரியே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் வேறு வேறு நோய், சண்டை வேண்டாம். படர்தாமரை மேல்தோலோடு நிற்பது, அதற்குக் கவுண்ட் பெரும்பாலும் அசையாது. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் பூஞ்சை ரத்தத்துக்குள்ளேயே இறங்கக்கூடும். என் மாமியாருக்குக் கவுண்ட் சரியாகவே இருந்தது, மார்புக்கு அடியில் புண் ஆறவே இல்லை. பார்த்தால் சர்க்கரை 340. அணுக்கள் இருந்தும் வேலை செய்யவில்லை. அதனால் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையை வெயிலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் இருவரும் சேர்ந்தே மருந்து எடுங்கள். அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று மருந்து கலந்த களிம்பைக் கேட்டு வாங்காதீர்கள், அதிலும் ஸ்டீராய்டு இருக்கும்.

சேலத்துக்காரன்:
தங்கச்சி, கீமோ என்று தெரியாமல் எழுதிவிட்டேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?