வக்கீலம்மாவிடம் போன கதைகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:
எங்கள் தெருவுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்ததும் பாதிப் பேர் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டார்கள். வக்கீலம்மா வாங்கிப் படித்துவிட்டு, “அண்ணே, இது 1905ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்து 7ஆம் பிரிவு. விளக்கம்தான் கேட்கிறாங்க. இடிக்கிற உத்தரவு இதுக்கு அப்புறம் தனியா வரணும்” என்றார். அடுத்து அவர் கேட்டது அ-பதிவேடு, எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு. இடம் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்று இருக்கிறதா, ஊரணி என்று இருக்கிறதா?

பார்த்தால் தெருவின் மேல்பகுதி கிராம நத்தம், கீழ்ப்பகுதி ஊரணி. நத்தத்தில் குடியிருப்பவர்களை அந்தச் சட்டத்தின் கீழ் அகற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, அதனால் மேல்பகுதிக்காரர்களுக்குத் துணிச்சலாகப் பதில் எழுதினார். கீழே இருந்தவர்களிடம், “இடத்தைக் காப்பாத்தித் தர்றேன்னு சொல்ல மாட்டேன். நீர்நிலைக்குப் பட்டா கிடைக்காது. மாற்று மனை கேட்போம்” என்றார். கோபித்துக்கொண்டு வேறு வக்கீலைத் தேடிப் போனவர்களும் உண்டு. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கைப் பற்றிக் கேட்டேன். வாழ்வாதாரமும் அரசியல் சாசனத்தில் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்று 1985இல் சொன்ன அதே தீர்ப்பு, முறைப்படி அகற்றலாம் என்றும் சொன்னதாம். முதல் பாதியை மட்டும் மேடையில் பேசுகிறார்கள் என்று சிரித்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது.

கீழ்ப்பகுதியில் மாற்று மனை சிலருக்குத்தான் கிடைத்தது.

தேவகோட்டையிலிருந்து:
எங்கள் காலனிக்கு 1978ஆம் வருஷ ஆதிதிராவிடர் நலச் சட்டத்தில் நிலம் எடுத்தார்கள். கையில் பட்டா இருந்தது, மனை எது என்று யாரும் அளந்து காட்டவில்லை. பக்கத்து நிலக்காரர் வேலி போட்டுக்கொண்டே வந்தார். வக்கீலம்மா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டார். 2004க்கு முன்னால் என்றால் இதற்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, அவ்வளவுதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு எங்களோடு அவரும் நடந்தார். சர்வேயர் வந்து கல் நட்ட பிறகுதான் ஃபீஸைப் பற்றிப் பேசினார்.

பள்ளத்தூரிலிருந்து:
என்னுடையது பட்டா பிரச்சினை இல்லை, பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு. எங்கள் அத்தைக்கு அப்பா சொத்தில் 1956லிருந்தே பங்கு உண்டு. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை குடியிருக்கும் வீட்டில் மகள் பாகப்பிரிவினை கேட்க விடாது. 2005இல் அதை நீக்கியது அத்தைக்குத் தெரியாது. “ஆச்சி, இப்ப நீங்களே கேட்கலாம்” என்று வக்கீலம்மா சொன்னபோது அத்தை நம்பவில்லை. பங்காளிகளைப் பகைத்துக்கொள்ள வேண்டுமே என்ற தயக்கம் வேறு. ஒருவழியாக வழக்குப் போட்டாச்சு. பங்காளிகள் சென்னை, மலேசியா என்று சிதறிக் கிடக்கிறார்கள், இன்னும் எல்லோருக்கும் சம்மன் போய்ச் சேரவில்லை.