மூன்று ஆஸிலேட்டரையும் சேர்த்தால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது. மிடி-சிவி மாட்யூல் கோளாறா?

பாம்பன்_வாடை:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் வீட்டு மாடியில் ஒரு சின்ன யூரோராக் பெட்டி, அதாவது மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து வாசிக்கிற மாடுலர் சிந்தசைசர், வைத்திருக்கிறேன். கீபோர்டு அனுப்பும் மிடி எண்களை சிவியாக (சுருதியைத் தீர்மானிக்கும் வோல்டேஜாக) மாற்றும் மாட்யூல் ஒன்று, ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் மூன்று, ஃபில்டர், என்வலப், சத்த அளவை ஆளும் விசிஏ தலா ஒன்று, அவ்வளவுதான். நான்கு ஆக்டேவ் மிடி கீபோர்டில் வாசிக்கிறேன். கடைசிக் கீழ் சி கட்டையை அழுத்தினால் 0 வோல்ட் வருகிற மாதிரி மாட்யூலில் வைத்து, ஆஸிலேட்டர் குமிழைத் திருகி அதையே ஒன்றரைக் கட்டை (சி ஷார்ப்) ஷட்ஜமாக ஆக்கிக்கொண்டேன், ஏனென்றால் என் சுருதிப்பெட்டி எப்போதும் அதில்தான் இருக்கும்.

பிரச்சினை இதுதான். ஒரு ஆஸிலேட்டரை மட்டும் சொருகினால் கீழே மேலே எல்லாம் சரி. வாங்கியபோதே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொருகி, பின்னால் இருக்கிற டிரிம்மரை (ஆக்டேவ் அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு) திருகி சரிபார்த்து வைத்தேன். மூன்றையும் ஒன்றாகச் சொருகினால் கீழ் ஷட்ஜம் சுத்தமாக நிற்கிறது, ஆனால் மேலே போகப் போக இறங்குகிறது. மூன்றாவது ஆக்டேவில் ட்யூனர் ஆப் 70 சென்ட் குறைவு என்று காட்டுகிறது (ஒரு ஆக்டேவில் 12 செமிடோன், ஒரு செமிடோனில் 100 சென்ட்). கேட்கவே கூசுகிறது. ஆனால் அந்த மூன்றும் தங்களுக்குள் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன, சுருதிப்பெட்டியோடுதான் சேரமாட்டேன் என்கின்றன. பிட்ச் சிவியைப் பிரிக்க ஒரு சாதா மல்ட்டிபிள் (துளைகளை வெறும் ஒயரால் இணைத்த மாட்யூல்) போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, பிட்ச் பெண்டு சக்கரத்தை மெதுவாகத் தள்ளினால் வழுக்கிப் போகாமல் படிப்படியாக ஏறுகிறது. மாட்யூலே போச்சா? திருப்பி அனுப்பவும் வழியில்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

தொண்டி_வெளிச்சவீடு:

தம்பி, இது சூடு. அனலாக் ஆஸிலேட்டர் என்றாலே சூடேறும்வரை அலையும், நம்ம ஊர் மே மாதத்து மாடி அறையில் கேட்கவே வேண்டாம். போட்டதும் வாசிக்காதீர்கள், அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ராம்நாடு_சால்டரிங்:

தொண்டி அண்ணன் சொல்வது பொதுவாகச் சரிதான், ஆனால் இந்தக் கேஸுக்கு ஒத்துவரவில்லை. சூடு என்றால் மூன்றும் மூன்று பக்கம் போகும், ஒன்றோடொன்று மோதி விம்மல் கேட்கும், விடியற்காலையில் விசைப்படகுகள் ஒரே நேரத்தில் இன்ஜின் போடுகிற மாதிரி. தம்பி என்ன சொல்கிறார்? மூன்றும் கூட்டாக இறங்குகின்றன என்கிறார். அப்படியானால் மூன்றுக்கும் பொதுவாக வருகிற வோல்டேஜ்தான் இறங்குகிறது. அதுவும் 0 வோல்ட்டில் ஒன்றும் ஆகவில்லை, மேலே போகப் போகத்தான் கூடுகிறது என்றால் ஏதோ ஒரு சதவீதம் கழிகிறது என்று அர்த்தம். பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் கழித்தாலும் பூஜ்யம்தானே.

மிடி பக்கம் தேடிப் பிரயோசனம் இல்லை. அந்த ஒயரில் போவது 0 முதல் 127 வரை ஒரு எண், கேபிளில் எத்தனை பேர் தொங்கினாலும் 60 என்பது 59.3 ஆகாது. அந்த எண்ணை வோல்டேஜாக மாற்றிய பிறகுதான் நம் தலைவலி ஆரம்பம். ஒரு ஆக்டேவுக்கு 1 வோல்ட், அதாவது ஒரு செமிடோனுக்கு 83.3 மில்லிவோல்ட். 10 மில்லிவோல்ட் பிசகினால் 12 சென்ட், பாட்டுக் கேட்டுப் பழகின காது உடனே பிடித்துவிடும்.

உங்கள் மாட்யூலின் அவுட்புட்டில் ஷார்ட் ஆனால் எரியாமல் இருக்க 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரிசையில் இருக்கும் என்று நினைக்கிறேன், நிறைய மாட்யூலில் அப்படித்தான். ஆஸிலேட்டர் இன்புட் சாதாரணமாக 100 கிலோ ஓம். ஒன்றைச் சொருகினால் 101-இல் 100 பங்கு போய்ச் சேரும், 1 சதவீதம் காலி. நீங்கள் டிரிம்மர் வைத்ததே அந்தக் குறைவோடு சேர்த்துத்தான், அதனால் தெரியவில்லை. மூன்றைச் சொருகினால் மூன்று 100-ம் இணையாகி 33 கிலோ ஓம் ஆகிவிடும், கிட்டத்தட்ட 3 சதவீதம் காலி. கூடுதலாகப் போன 2 சதவீதம் ஆக்டேவுக்கு 23 சென்ட் சொச்சம், மூன்று ஆக்டேவுக்கு 70. நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வருகிறதா?

நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும், அதன் உள்ளே 10 மெகா ஓம் இருப்பதால் அது பங்கு கேட்காது. மல்ட்டிபிளில் காலியாக இருக்கிற துளையில் ஒரு பேட்ச் கேபிளைச் சொருகி, மறுமுனையின் நுனியில் சிவப்பும் அடிப்பாகத்தில் கறுப்பும் வையுங்கள். நுனியும் அடியும் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_வாடை:

அண்ணே, இப்போதுதான் அளந்தேன். சி கட்டைகளை வரிசையாக அழுத்தினேன். எதுவும் சொருகாதபோது 1.00, 2.00, 3.00. ஒன்றைச் சொருகினால் 0.99, 1.98, 2.97. மூன்றையும் சொருகினால் 0.97, 1.94, 2.91. மாட்யூலைத் திட்டியதற்கு அதனிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். மூன்றையும் சொருகியபடியே டிரிம்மரைத் திருகி ஏற்றிவிட்டால் போதாதா?

ராம்நாடு_சால்டரிங்:

போதும், ஒரு கேபிளை நீங்கள் பிடுங்குகிறவரை. பிடுங்கினால் மற்ற இரண்டும் ஏறிக்கொள்ளும். கேபிளைப் பிடுங்காமல் வாசிப்பதற்கு மாடுலர் எதற்கு?

பஃபர் உள்ள மல்ட்டிபிள் ஒன்று வேண்டும், அது வோல்டேஜை இழுத்து இறக்காமல் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுக்கும். கடையில் கிடைக்கும், ஆனால் சால்டரிங் தெரிந்தால் ஒரு டிஎல்074 ஐசி போதும், அதற்குள் நான்கு ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சுற்று). ஒவ்வொன்றின் அவுட்புட்டையும் அதன் மைனஸ் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுங்கள், பிளஸ் இன்புட் நான்கையும் ஒன்றாக்கி அதில் சிவியைக் கொடுங்கள். இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் வையுங்கள், 100 கிலோ வைத்தால் பழைய கதைதான். நான்காம் காலில் பிளஸ் 12, பதினொன்றாம் காலில் மைனஸ் 12. யூரோராக் பட்டை ஒயரில் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம், இதைத் தலைகீழாகக் கொடுத்து நான் மூன்று ஐசியைக் கருக்கியிருக்கிறேன், வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஒரு சின்னத் தந்திரம். ஒவ்வொரு அவுட்புட் ஜாக்குக்கும் முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை, திருப்பிக் கொடுக்கிற ஒயருக்கு வெளியே வையுங்கள். புத்தகப்படி உள்ளே வைப்பதுதான் துல்லியம். ஆனால் உங்கள் ஆஸிலேட்டர்கள் ஏற்கெனவே 1 சதவீதக் குறைவுக்குப் பழகியவை, வெளியே வைத்தால் ஒவ்வொன்றும் அதே 0.99-ஐத்தான் பார்க்கும். எந்த டிரிம்மரையும் தொடவேண்டாம்.

கீழக்கரைப்_பெட்டி:

சக்கரம் படிப்படியாக ஏறுவது பற்றி யாரும் பேசவில்லையே. மாட்யூலில் பெண்டு எல்லை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், பிளஸ் மைனஸ் 12 செமிடோனா? மிடியில் பிட்ச் பெண்டுக்கு 14 பிட், 16,384 படிகள் உண்டு, ஆனால் சில கீபோர்டுகள் மேல் 7 பிட்டை மட்டுமே உருப்படியாக அனுப்புகின்றன. அப்போது 24 செமிடோனை 128 படியில் ஏறவேண்டும், ஒரு படி 19 சென்ட், நன்றாகவே கேட்கும். எல்லையை 2 என்று குறையுங்கள், ஒரு படி 3 சென்ட் ஆகிவிடும். கமகத்துக்கு 2 எப்படிப் போதும் என்று நானும் முதலில் நினைத்தேன். தோடியில் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவேதானே ஆடுகிறது, கீழே இரண்டு, மேலே இரண்டு. சக்கரத்தை முழுசாகத் தள்ளி முழுசாக இழுத்தால் சரியாக அங்கேதான் போய் நிற்கிறது, அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அப்புறம், பாம்பன் என்றதால் சொல்கிறேன், ஜாக்குகளைப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் என் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன், பேட்ச் கேபிள் நுனியெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்து, தொட்டால் சுருதி குதிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். இப்போது வாசித்து முடித்ததும் மூடி, உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பை.

பாம்பன்_வாடை:

பாய், எல்லை 12-இல்தான் இருந்தது. 2 ஆக்கினேன், வழுக்குகிறது. களிம்பும் இருந்தது, ஒரு ஜாக்கில் மட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐசி வாங்கி மச்சான் சேது எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சால்டர் வைத்தேன். மூன்றையும் சொருகி அளந்தால் ஒவ்வொன்றிலும் 0.99, 1.98, 2.97. ஒரு அவுட்புட்டில் மட்டும் எல்லா இடத்திலும் 4 மில்லிவோல்ட் கூடுதல், அது ஐசியின் ஆஃப்செட் (தானாகச் சேர்கிற சிறு பிழை வோல்டேஜ்) என்று நினைத்து அந்த ஆஸிலேட்டரின் குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன், சரியாகிவிட்டது.

மூன்றாவது ஆக்டேவ் ஷட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுருதிப்பெட்டியைப் போட்டேன். கீழே இருந்து அம்மா, பெட்டியை இன்னும் போடவில்லையா என்று கேட்டார்.

ராம்நாடு_சால்டரிங்:

அந்த 4 மில்லிவோல்ட் ஆஃப்செட்டேதான், டிஎல்074-க்கு அது சகஜம். நான்காவது அவுட்புட் சும்மாதானே இருக்கிறது, ஃபில்டரின் கட்-ஆஃபுக்குக் கொடுத்துப் பாருங்கள், மேலே போகும்போது சத்தம் மங்காது.